பின்சீட்டு இல்லாத வேன்

தேனியிலிருந்து ஊர்களுக்குப் பிணம் ஏற்றிப்போகும் என் பழைய வேனில் ஏ.சி. விட்டுவிட்டு வேலை செய்தது. பிணம் இருந்தால் குளிரும். இறக்கியதும் அனல்தான். ஓடைப்பட்டி மெக்கானிக் முத்துக்காளை மாமா கேஸ் நிரப்பினார், ரிலே மாற்றினார், கம்ப்ரசரும் மாற்றினார். காலி வண்டியில் குளிர் வரவேயில்லை.

“பின்னாடி ஆளு வெயிட்டு இருந்தாத்தான் வயரு ஒட்டுது போல. ஏறிப் படு மாப்ள.”

படுத்தேன். வேர்த்துக் கொட்டியது.

“ஒனக்கு எதுதான் ஒழுங்கா ஓடிருக்கு? எறங்கு.”

அவரே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். உடனே சில்லென்று காற்று வந்தது.

“பாத்தியா, நம்ம வெயிட்டுக்கு ஓடுது.”

“எறங்குங்க மாமா.”

“காலைலருந்து வெயில்ல வேகுறேன். கொஞ்ச நேரம் கெடக்கேன். கதவச் சாத்துப்பா, குளிரு வெளிய போகுது.”

நான் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.