இடது கால் லாடம்

"இது நான் அடிச்ச லாடம் இல்லைங்க ஐயா."

குதிரையின் இடது முன்னங்காலைத் தொடை இடுக்கில் பிடித்தபடியே சொன்னான் ஆண்டியப்பன். நுவரெலியாவில் பதினோரு வருடமாக லாடம் அடிக்கிறவன். மனிதர்களின் முகத்தைவிடக் குளம்புகளையே அதிகம் பார்த்தவன். குளம்பு பொய் சொல்லாது. எப்போதாவது உதைக்கும், அவ்வளவுதான்.

குதிரைச் சொந்தக்காரர் மகாலிங்கம் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். நேற்றுவரை பறந்த கறுப்பாயி இன்று காலை நொண்டுகிறாள். கொழும்பிலிருந்து வேறு லாடக்காரனைக் கூட்டிவரப்போவதாக அவர் ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாலு காலுக்கும் நீர்தானே அடிச்சனீர்?"

ஆண்டியப்பன் விளக்கிப் பார்த்தான். கறுப்பாயிக்குக் குதிகால் தாழ்வு. அதனால் அவளுடைய லாடத்தின் முன்நுனியை உருட்டித் தேய்ப்பான். பின்பக்கம் அரை விரல் நீட்டி விடுவான். அப்போதுதான் குதிகாலுக்குத் தாங்கல் கிடைக்கும், குளம்பும் லேசாகப் புரண்டு மண்ணை விட்டு எழும்பும். இடது காலில் இப்போது இருப்பதோ குட்டை லாடம். குதிகால் அந்தரத்தில் நிற்கிறது. எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் பின்நரம்பு இழுபடுகிறது.

"சின்னப்புள்ள செருப்ப மாட்டிக்கிட்டு பெரியாளு மலை ஏறுற மாதிரிங்க. இதோட ஓடுனா நரம்பு அறுந்துரும். என் லாடத்துல மூணு கோடு வெட்டியிருப்பேன். யாரோ அதைக் கழட்டிட்டுப் பழசை அடிச்சிருக்காங்க."

"ஆர் கழட்டுவினம்? என்னத்துக்கு?"

"கறுப்புக் குதிரை லாடம் வாசல்ல இருந்தா சனி அண்டாதுன்னு ஊரே நம்புதுங்களே." ஆண்டியப்பனுக்கு வீராப்பு ஏறியது. "எந்த வீட்டு வாசல்ல அது தொங்குதோ, அந்த வீட்டுக்காரன்தாங்க கள்ளன். அவனை விடாதீங்க."

குதிரையைப் பராமரிக்கும் துஷாந்த் மும்முரமாகப் புல் அள்ளிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு புள்ளிக் கோழி கால் கட்டிக் கிடந்தது. நம் வீட்டுக் கோழி மாதிரியே இருக்கிறதே என்று நினைத்த ஆண்டியப்பன், வேலை போகிற நேரத்தில் கோழி ஞாபகம் வருகிற தன் புத்தியை நொந்துகொண்டான்.

"சரி. பொழுதுபட முன்னம் அந்த லாடத்தோட வாரும். இல்லாட்டி இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்," என்றார் மகாலிங்கம்.

ஆண்டியப்பன் முதலில் அந்தக் குட்டை லாடத்தைக் கழற்றினான். வேலை போனாலும் கறுப்பாயிக்குக் கால் வலிக்கக் கூடாது.

பிறகு தேயிலைத் தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளில் வாசல் வாசலாக அண்ணாந்து பார்த்துத் திரிந்தான். எலுமிச்சம்பழம் தொங்கியது, மிளகாய் தொங்கியது, ஒரு வீட்டில் கிழிந்த செருப்புகூடத் தொங்கியது. லாடத்தை மட்டும் காணோம். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். கடைசியில் தன் வீட்டுக்குள் தலையைக் குனிந்தபடியே நுழைந்தான்.

கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த அவன் மனைவி நிஷாந்தி தேத்தண்ணியை நீட்டினாள். முகத்தில் என்றுமில்லாத சிரிப்பு.

"ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்கீங்க? இனி உங்க வேலைய யாராலயும் அசைக்க முடியாது. கொழும்பு ஆளு வரப்போறாருன்னு தெனம் பொலம்புனீங்கள்ல? அதுக்குத்தான் நேத்து நம்ம புள்ளிக் கோழிய துஷாந்த் தம்பிக்கிட்ட குடுத்து வாங்கிட்டு வந்தேன். வெளிய வந்து மேல பாருங்க."

ஆண்டியப்பன் சுளுக்கிய கழுத்தோடு அண்ணாந்தான். நிலைக்கு மேலே, மஞ்சளும் குங்குமமும் இட்டு, அவன் வெட்டிய மூன்று கோடுகள் தொங்கிக்கொண்டிருந்தன.