இரண்டாம் எண் மரம்

இனிச் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மிச்சப் பல் மூன்றும் இன்றே விழட்டும்.

பூர்வீகம் நிரூபிக்காத எதையும் பிடுங்கிப்போட, நெட்டுக்கல் மலைக்கு ஒரு கருவி வந்தது. அங்கே தனியாக நின்ற மரமொன்று பைன் மரத்துக்குப் பங்காளி. வெளியூர்ச் சரக்கு என்று கருவி அதன்மேல் சிவப்புக் கோடு போட்டது. காட்டுக் காவல் பார்த்த பேச்சித்தாய்க்குப் பொறுக்கவில்லை. நான்கு நாள் மலைச் சதுப்பின் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தோண்டி, அடிமண்ணை அள்ளிவந்து கருவியின் வாயில் அப்பினாள். அதில் அந்த மரத்தின் பழைய மகரந்தம் கிடந்தது.

"இருபதாயிரம் ஆண்டுப் பூர்வீகம்" என்று மரத்துக்குப் பச்சை வில்லையும் முதல் எண்ணும் கொடுத்த கருவி, அவள் பக்கம் திரும்பியது. "சேற்றில் உங்கள் மகரந்தம் இல்லையே. சாயங்காலத்துக்குள் குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கிவிடுங்கள்."

புருஷன் சொரிமுத்து பானை சட்டியைச் சாக்கில் கட்டினான். "மரத்தக் காப்பாத்தி வீட்டக் கெடுத்துட்டியே, ஏட்டி!"

"சாக்க அவுத்து வையும். மரத்துக்குத்தான் இடமுன்னா நான் மரமா நிக்கேன். நீரும் வந்து நில்லும்."

"எனக்கு முதுகு அரிக்குமேட்டி."

"மரம் என்னைக்காவது சொறிஞ்சிருக்கா? வாரும்."

இருவரும் கையை விரித்து நின்றார்கள். சாயங்காலம் கருவி வந்து மோந்து பார்த்தது. பேச்சித்தாயின் உடம்பெல்லாம் நான்கு நாள் சேறு, மகரந்தத்தோடு. அவளுக்கு இரண்டாம் எண் கிடைத்தது. அவளிடம் கொஞ்சம் சேறு வாங்கிப் பூசிக்கொண்ட சொரிமுத்துவுக்கு மூன்று.

இன்றும் மாதாமாதம் கருவி வந்து சுற்றளவு எடுக்கிறது. மூன்றாம் எண் நன்றாகப் பருத்துவருகிறதாம்.

ஒரே ஒரு விவரம்: அந்த மகரந்தத்துக்குக் காற்றுப்பை உண்டு, நூற்றுக்கணக்கான மைல் பறந்து, மரமே இல்லாத மலையின் சேற்றிலும் விழும்.