சேணத்தில் அறுபத்தொரு கிலோ

குதிரைக்கும் அதை ஓட்டுபவருக்கும் கட்டிவிடும் சென்சார்களை வடிவமைப்பது என் வேலை. குதிரையின் கால் தளர்ந்தால், ஓட்டுபவரின் மணிக்கட்டில் இருக்கும் பட்டை அதிர்ந்து எச்சரிக்கும். அது காரணமில்லாமல் அடிக்கடி அதிர்ந்து மானத்தை வாங்கியதால், சோதனை ஓட்டத்தைப் பெரிய ஆட்கள் பார்க்க வந்த நாளில் எச்சரிக்கையை அணைத்துவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்று குதிரை இடறி விழுந்தது. அதை ஓட்டிய மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர், இறந்துபோனார். குதிரை பிழைத்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை தொடங்கியது. பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்து, ஆளில்லாத குதிரையை வட்டமாக நடக்கவிட்டார். சேணத்தின் எடை சென்சாரோடு இணைந்த திரை, அதன்மேல் அறுபத்தொரு கிலோ இருப்பதாகக் காட்டியது. அது மாப்பிள்ளையின் எடை. சென்சாரை மாற்றினேன், சேணத்தையே மாற்றினேன். எண் மாறவில்லை.

"மிஷின் கோளாறா இருக்கும், விடுங்க சார்," என்றார் பயிற்சியாளர்.

ஐந்தாம் நாள் காலையில் தங்கையை வரச்சொன்னேன். வேலியோரம் நிற்கவைத்து, "அலாரத்த நான்தாம்மா ஆஃப் பண்ணி வெச்சேன்," என்றேன்.

அவள் வேலிக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கண்ணன் செஞ்ச பட்டை இருக்கு, பயப்படாதேன்னு சொல்லிட்டுத்தான் அவர் கெளம்பினாரு," என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

வட்டமாக நடந்துகொண்டிருந்த குதிரை தானாக நின்றது. சேணத்தின் இடப்பக்கம் தொங்கிய அங்கவடி, யாரோ கால்வைத்து இறங்குவதுபோல் கீழே இழுபட்டுப் பிறகு தளர்ந்தது. திரையில் எண் பூஜ்யமானது.

குதிரையின் தலை மெல்ல என் பக்கம் திரும்பிவந்தது. அதன் பார்வை எனக்கு ஒரு அடி தள்ளி, ஆள் உயரத்தில் நின்றது.