கட்டுப்படியாகுமா

மூச்சை விடும்போது முகமூடிக்குள் வெள்ளையாகப் படர்கிற ஆவி, இழுக்கும்போது கரைந்துவிடுகிறது. வார்டு ஜன்னல் வழியாக வந்த பிற்பகல் வெயில் கட்டிலின் கால்மாட்டோடு நின்றுவிட்டது. தலைமாட்டில் ஆக்சிஜன் குப்பி விடாமல் குமிழிடுகிறது. மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். காலமெல்லாம் கார் எஞ்சின்களைப் பிரித்துப் போட்ட கை; நக இடுக்கில் கிரீஸ் இன்னும் போகவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் அவள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னபோது இந்தக் கையை வீசித்தான் சிரித்தார். "எழுபத்தாறு வருஷம் ஓடுன வண்டிம்மா இது. இதுக்குப் போய் செலவு பண்ணா கட்டுப்படியாகாது." அவளும் கூடச் சிரித்தாள். அந்த ஃப்ளூதான் இப்போது முற்றிப்போய் நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கிறது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்க்கிறார். அப்பா முகமூடியை விலக்குகிறார். "மூச்சு மெஷின்ல போட்டா... கட்டுப்படியாகுமா டாக்டர்?"

ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய வண்டியைக் கட்டி இழுத்து வருகிறவர்கள் அவரிடம் கேட்கிற அதே கேள்வி, அதே குரல். தேறாத வண்டி என்றால் அப்பா வாய்விட்டுச் சொல்லமாட்டார். பானெட்டை மெதுவாக இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

"மாஸ்க்கை எடுக்காதீங்க பெரியவரே" என்கிறார் டாக்டர். படத்தை உறைக்குள் போடுகிறார். போகிற போக்கில் கட்டில் கம்பியை மெதுவாகத் தட்டுகிறார், இரண்டு முறை.

அப்பா, சக தொழில்காரன் சொன்னதை ஒப்புக்கொள்கிற மாதிரி, தலையை ஆட்டுகிறார்.