உச்சி ஓட்டை

"மூணு வாரம் தேடிப் பிடிச்ச ஸ்பின்னர் ஆக்கும்" என்றார் வேதமாணிக்கம், தன் குட்டி விமானத்தின் காற்றாடிக்கு முன்னால் மாட்டியிருந்த பளபளக்கும் கூம்பைத் தடவியபடி.

நிபின் குனிந்து பார்த்தான். சாயங்காலம் சபை மைதானத்தில் அவனுடைய விமானத்துக்கும் இவருடையதுக்கும் போட்டி.

"காற்றாடி இறகு போக வழியில்லாம வந்துது. நானே ரெண்டு பக்கமும் அரம் வச்சு ராவினேன். ஆனா உச்சியில ஓட்டை பாத்தியா? போல்ட்டுக்கு அளவெடுத்த மாதிரி! வெளிநாட்டுக்காரன் வேலைண்ணா வேலைதான்."

எஞ்சினை முடுக்கினார். கூம்பு துளியும் ஆடாமல் சுழன்றது. நிபினின் முகம் சுருங்கியது.

"எங்கேயிருந்து வரவழைச்சிய, அண்ணா?"

"ஆன்லைன்லதான். நேத்து பார்சல் வந்துது."

அடுக்களையிலிருந்து மனைவி விமலகுமாரி வந்தாள். "கேட்டியளா, எனக்கும் நேத்து ஒரு பார்சல் வந்துதுல்லா, உச்சி ஓட்டை வழியா ஆவி ஏறுத சிரட்டைப்புட்டு அச்சு? அதத் திருப்பி அனுப்பணும். ரெண்டு பக்கமும் பிளந்து கிடக்கு. வாழையிலை வச்சு அடைச்சாக்கும் காலையில மாவு போட்டேன்."

வேதமாணிக்கம் எஞ்சினை அணைத்தார். அவள் கையில் இருந்தது சாட்சாத் ஸ்பின்னர்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நிபின் அதை வாங்கிக்கொண்டான். "திருப்பி அனுப்பண்டாம், அக்கா. எனக்க விமானத்துக்கு இருக்கட்டு."

"கொண்டு போ, மக்கா" என்றாள் விமலகுமாரி. "ஆனா ஒண்ணு சொல்லணும். இதுல அவிச்ச புட்டை இவரு மூணு தடவை கேட்டு வாங்கித் தின்னாராக்கும்."