இல்லாத பேட்டரி

என் மனைவியின் தம்பிக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலை, குப்பைக்குப் போக வேண்டியதைப் போகவிடாமல் தடுப்பது. என் பழைய லேப்டாப்பை வாங்கிப்போய், இருந்ததையெல்லாம் அழித்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

"புதுசு மாதிரி ஓடுது மாமா. பைசா செலவில்ல."

"ஓசில வந்தது ஓசி மாதிரிதான் இருக்கும்," என்றேன்.

திரையின் மூலையில் பேட்டரி 41% என்று காட்டியது. அதில் பேட்டரியே கிடையாது. உப்பிப்போனதென்று போன வருடம் நானே கழற்றி எறிந்துவிட்டேன். அடியில் வெறும் குழிதான். சார்ஜர் ஒயரைச் செருகினால்தான் ஓடும்.

"இல்லாதத இருக்குன்னு காட்டுதே. அப்படியே உன்ன மாதிரிடா," என்றேன்.

58% ஆனது.

"அடுத்த அப்டேட்ல சரியாயிடும் மாமா."

"நீ வேலைக்குப் போற மாதிரியா?"

77%.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆசையா செஞ்சு கொண்டாந்திருக்கான். ஏங்க இப்படிக் கரிச்சுக் கொட்டுறீங்க?"

அவளுக்கும் ஒன்று சொன்னேன். 99%.

மச்சினன் முகம் சுண்டிப்போய் எழுந்து வாசலுக்குப் போனான். நான் சார்ஜர் ஒயரைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை. லேப்டாப்பைப் புரட்டிக் குழிக்குள் விரலை விட்டேன். தூசியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் வெதுவெதுவென்று இருந்தது.

திருப்பி வைத்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டேன். எண் அசையவில்லை.

மச்சினன் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. மனசுக்குள் நினைத்ததோடு சரி.

100%.