படிக்கட்டுச் சுவரில் மஞ்சள் கை

இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோர்ஜ் மன்னர்கள் காலத்து வரிசை வீடுகள், ஞாயிறுதோறும் கறை கீறல்களைத் தாமே நீக்கி, பழைய வீடுகளுக்கான பதிவேட்டில் உள்ளபடி மாறிவிடும்.

பவளராணியின் கணவர், கீழறைச் சமையலறையிலிருந்து கறிச்சட்டியோடு நாலு மாடி ஏறுகையில், நடுவில் சுவரைப் பிடித்து மூச்சு வாங்குவார். அவர் இறந்து மூன்று நாள். சுவரில் அவருடைய மஞ்சள் கைத்தடம் மட்டும் மிச்சம்.

“நாளைக்கு ஞாயிறு. அதையும் வீடு அழிச்சுப்போடும், தம்பி,” என்றாள் பவளராணி, வீட்டைப் புதிதாகப் பதிய வந்த துவாரகனிடம்.

“பழசுகளை மட்டுந்தான் பதியலாம், அன்ரி.”

ஜன்னல், கைப்பிடி, கூரைப் பூவேலை என்று பதிந்துகொண்டே வந்தவன், கைத்தடத்தையும் பதிந்தான்.

ஞாயிறு அது அழியவில்லை. பவளராணி ஆசை தாங்காமல் தன் கையை அதன்மேல் வைத்தாள். கையின் ஈரத்தில் மஞ்சள் கலைந்துபோனது.

“ஐயோ, என்ர கையாலேயே அழிச்சுப்போட்டனே!”

அடுத்த ஞாயிறு, சுவர் அவருடைய ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்தது.